29 நிமிடம் 59 விநாடியில் கேமரா ஏன் நின்றது?

கார்டில் இடம் இருக்கும், பேட்டரியும் இருக்கும். கச்சேரி களைகட்டும் நேரத்தில் பதிவு மட்டும் தானாக நின்றுவிடும். பழைய டிஜிட்டல் கேமராக்களில் இது சகஜம்.

காரணம், ஐரோப்பிய ஒன்றியத்தின் சுங்க வரி. 800×600 அல்லது அதைவிடக் கூடுதல் தெளிவில், 30 நிமிடமாவது தொடர்ந்து பதியும் கேமராவை வீடியோ கருவி என வகைப்படுத்தி அங்கே வரி போட்டார்கள். புகைப்படக் கேமராவுக்கு வரி இல்லை. எனவே நிறுவனங்கள் ஒரு விநாடி முன்னதாகவே பதிவை நிறுத்தின. கருவியால் முடிந்ததை மென்பொருள் தடுத்தது. வாங்கியவருக்கு இது அநியாயம்தான். 2015இல் உலக வர்த்தக அமைப்பில் எட்டிய உடன்பாட்டால் இந்த வரி படிப்படியாக நீங்கியது.

2008இல் வந்த கேனான் 5டி மார்க் 2, முழு எச்டியில் அந்த எல்லையைக்கூடத் தொடவில்லை. சுமார் 12 நிமிடத்தில் நின்றது. கார்டின் ஃபேட்32 அமைப்பில் கோப்பின் அளவைக் குறிக்க 32 பிட்தான் உண்டு. அதில் அடங்கும் மிகப் பெரிய எண் 429 கோடி சொச்சம். அதாவது 4 ஜிபி. அதற்குமேல் கோப்பு வளர வழியில்லை. எக்ஸ்ஃபேட் அமைப்பு இந்தத் தடையை நீக்கியது.

மிஞ்சியது சூடு. 2020இன் கேனான் ஆர்5, 8கேயில் சுமார் 20 நிமிடத்தில் கொதித்து நின்றது. அடுத்து வந்த ஆர்5சி-யில் விசிறியே வைத்துவிட்டார்கள்.