தேர் வீதியா, தென்காசி சாலையா?

மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், மதுரை–தென்காசி நெடுஞ்சாலையில் ஏறத்தாழ 12 கிலோமீட்டர் இடைவெளியில் அமைந்த ஸ்ரீவில்லிபுத்தூரும் ராஜபாளையமும் ஓயாத பேருந்துப் போக்குவரத்தால் ஒரே ஊர்போல ஆகிவிட்டபோதிலும், இரவு தங்க வரும் பயணிக்கு அவை ஒன்றல்ல. முன்னது கோயிலின் பொழுதுக்கும், பின்னது ஆலை, சந்தை ஆகியவற்றின் பொழுதுக்கும் இயங்குகின்றன.

ஸ்ரீவில்லிபுத்தூரில் தங்குவதற்குரிய பகுதி ஆண்டாள் கோயிலைச் சூழ்ந்த வீதிகளே. 11 நிலைகளும் சுமார் 192 அடி உயரமும் கொண்ட, அதே வளாகத்திலுள்ள வடபத்ரசாயி கோயிலின் ராஜகோபுரத்துக்கு அருகில் அறை கிடைத்தால், விடியற்காலையில் குளித்த ஈரம் காயுமுன் சந்நிதிக்கு நடந்தே சென்றுவிடலாம். நண்பகலில் நடை சாத்தியபின் அறைக்குத் திரும்பி இளைப்பாறி, மாலையில் மீண்டும் வழிபடலாம். முதியோரை அழைத்து வருவோர்க்கு இது சிறு பயனன்று. ஆயினும் ஆண்டாளின் அவதாரத் திருநாளான ஆடிப்பூரத்தன்று பெரிய தேர் ரத வீதிகளைச் சுற்றிவருவதால் இதே வசதி இடராக மாறிவிடுகிறது. காரில் வருவோர் அன்று ராஜபாளையத்தில் அறை எடுத்துக்கொண்டு பேருந்தில் வந்துபோவதே நல்லது. புவிசார் குறியீடு, அதாவது ஒரு பொருள் குறிப்பிட்ட ஊருக்கே உரியது என்னும் சட்டப் பாதுகாப்பு, 2019இல் பெற்ற பால்கோவாவுக்காக மட்டும் வருவோர் தங்கவே வேண்டியதில்லை.

நூற்பாலைகளால் வளர்ந்த ராஜபாளையத்தில் தங்கும் விடுதிகள் பெரும்பாலும் வணிகத்துக்காக வருவோரை நம்பியே நடக்கின்றன. ஊரின் நடுவே செல்லும் தென்காசி சாலையில் உணவும் பேருந்தும் எளிதில் கிடைக்குமெனினும், செங்கோட்டை வழியாகக் கேரளம் செல்லும் லாரிகளின் ஒலிப்பான் இரவிலும் ஓய்வதில்லை. ஆகவே அங்கு அறை கேட்போர் பின்புறம் பார்த்த அறையைக் கேட்டுப் பெறுவது தக்கது. அய்யனார் கோயில் அருவிக்குச் செல்வோர்க்கு, மலையை நோக்கி மேற்கே பிரியும் முடங்கியாறு சாலைப் பக்கம் பொருந்தும்.

மலைக்குச் செல்வோர் அனைவருக்கும் ராஜபாளையமே ஏற்றது என்பது பிழையான எண்ணம். 2021இல் அறிவிக்கப்பட்ட ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகத்தைச் சேர்ந்த செண்பகத்தோப்புக்கும், வத்திராயிருப்பைத் தாண்டித் தாணிப்பாறை வழியாக ஏற வேண்டிய சதுரகிரிக்கும் ஸ்ரீவில்லிபுத்தூரே அருகிலுள்ளது. ஆடிப்பூரத்திலும், ஸ்ரீவில்லிபுத்தூருக்கு அருகிலுள்ள திருவண்ணாமலை என்னும் குன்றின் பெருமாளுக்குக் கூட்டம் திரளும் புரட்டாசிச் சனிக்கிழமைகளிலும், சதுரகிரிக்கு உகந்த அமாவாசையிலும் வருவோர் அறையை முன்பதிவு செய்யாமல் புறப்பட வேண்டாம்.