கொச்சியின் முன்னாள் டச்சுத் தளபதி வழங்கிய நிலம்: உலகப் புகழ்பெற்ற ஒயின் தோட்டமாக மாறியது எப்படி?

சுள்ளிக்கல் (கொச்சி): தென்னாப்பிரிக்காவின் மிகப் பழமையான ஒயின் தோட்டமாகக் கருதப்படும் 'குரூட் கான்ஸ்டான்ஷியா'வின் கதையில் கொச்சிக்கும் பங்கு உண்டு. சுள்ளிக்கல்லுக்கு அருகே மட்டாஞ்சேரியிலுள்ள டச்சு அரண்மனையைக் காண வருவோரில் பலரும் அறியாத தொடர்பு இது.

நிலத்தை வழங்கியவர் யார்?

போர்ச்சுகீசியரிடமிருந்து 1663-ஆம் ஆண்டு கொச்சியைக் கைப்பற்றிய டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி, 1670-களில் ஹெண்ட்ரிக் வான் ரீட் என்பவரை மலபார் தளபதியாகக் கொண்டிருந்தது. இட்டி அச்சுதன் உள்ளிட்ட கேரள வைத்தியர்களின் உதவியுடன், 'ஹோர்டஸ் மலபாரிகஸ்' என்ற 12 தொகுதிகள் கொண்ட தாவர நூலை உருவாக்கியவர் இவரே.

பின்னர் கம்பெனியின் ஆணையராக நன்னம்பிக்கை முனைக்குச் சென்ற வான் ரீட், 1685-ஆம் ஆண்டு அங்கிருந்த ஆட்சியாளர் சைமன் வான் டெர் ஸ்டெலுக்குச் சுமார் 760 ஹெக்டேர் நிலத்தை வழங்கினார். அந்த நிலமே கான்ஸ்டான்ஷியா. சைமனின் தாய்வழிப் பாட்டி மோனிக்கா, இந்தியாவிலிருந்து சென்ற பெண் என்பது குறிப்பிடத்தக்கது.

குளூட்டி குடும்பத்தின் காலம்

1712-இல் சைமன் இறந்த பின் தோட்டம் பிரிக்கப்பட்டது. அதன் முதன்மைப் பகுதியை 1778-இல் ஹெண்ட்ரிக் குளூட்டி வாங்கினார். கொடியிலேயே பாதி உலரவிட்ட மஸ்கட் வகைத் திராட்சையிலிருந்து இனிப்பு ஒயின் தயாரிக்கப்பட்டது. 1791-இல் புதிய ஒயின் கிடங்கும் கட்டப்பட்டது.

மகன், பேரன் எனத் தலைமுறைகள் தொடர, கான்ஸ்டான்ஷியா ஒயின் ஐரோப்பிய அரச மாளிகைகளைச் சென்றடைந்தது. செயின்ட் ஹெலினா தீவில் சிறைவைக்கப்பட்ட நெப்போலியனுக்கும் அது அனுப்பப்பட்டது. ஜேன் ஆஸ்டின் 1811-இல் வெளியிட்ட நாவலிலும் இந்த ஒயின் இடம்பெற்றுள்ளது.

உழைத்தவர்கள் யார்?

இந்தப் புகழுக்குப் பின்னால் இருந்தது அடிமை உழைப்பு. 1652 முதல் 1808 வரை நன்னம்பிக்கை முனைக்குச் சுமார் 63,000 பேர் அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டனர் என்பது வரலாற்றாய்வாளர்களின் மதிப்பீடு. அவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கினர் இந்தியாவையும் இலங்கையையும் சேர்ந்தவர்கள்.

சொந்தப் பெயரை இழந்த பலருக்கு, 'வான் மலபார்', 'வான் கோரமண்டல்' என ஊர்ப்பெயரே அடையாளமானது. 'வான்' என்ற டச்சுச் சொல்லுக்கு 'அவ்விடத்தைச் சேர்ந்த' என்று பொருள்.

அடிமைகள் கப்பலேற்றப்பட்ட துறைமுகங்களில் கொச்சியும் ஒன்று. 18-ஆம் நூற்றாண்டில் இங்கு எழுதப்பட்ட விற்பனைப் பத்திரங்கள் விற்கப்பட்டவரின் பெயர், வயது, சாதி ஆகியவற்றைப் பதிவு செய்துள்ளன. கொச்சியின் டச்சு ஆவணங்கள் இன்று சென்னை எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் பாதுகாக்கப்படுகின்றன. தோட்டத்தை ஆண்ட குடும்பத்தின் வரலாறு மாளிகையில் நிலைத்தது. அங்கு உழைத்தோரின் வரலாற்றை இத்தகைய ஏடுகளில்தான் தேட வேண்டியுள்ளது.

1834-இல் அடிமை முறை ஒழிக்கப்பட்டது. எனினும், விடுவிக்கப்பட்டோர் மேலும் 4 ஆண்டுகள் பழைய உரிமையாளர்களிடமே வேலை செய்ய வேண்டியிருந்தது.

வீழ்ச்சிக்குக் காரணம் என்ன?

1859-இல் பரவிய சாம்பல் நோய் திராட்சைக் கொடிகளைத் தாக்கியது. அதையடுத்து, பிரான்ஸ் ஒயினுக்குப் பிரிட்டன் வரியைக் குறைத்ததால், தென்னாப்பிரிக்க ஒயின் அதுவரை பெற்றிருந்த வரிச் சலுகையின் பயன் மறைந்தது. நோயும் சந்தை இழப்பும் ஒருசேரத் தாக்கியதில் குளூட்டி குடும்பம் கடனில் மூழ்கியது. 107 ஆண்டுகள் அக்குடும்பத்தின் வசமிருந்த தோட்டத்தை 1885-இல் அரசு 5,275 பவுண்டுக்கு வாங்கி, சோதனைப் பண்ணையாக மாற்றியது.

இன்றைய நிலை

1925-இல் தீக்கிரையான மாளிகை பின்னர் சீரமைக்கப்பட்டது. 1993 முதல் அறக்கட்டளை ஒன்று தோட்டத்தை நிர்வகித்து வருகிறது. மாளிகை தற்போது அருங்காட்சியகமாகச் செயல்படுகிறது. ஒயின் உற்பத்தியும் தொடர்கிறது. நிலத்தை வழங்கிய வான் ரீட், 1691-இல் கொச்சியிலிருந்து சூரத் செல்லும் வழியில் கடலில் இறந்தார். அவரது கல்லறை சூரத்தில் உள்ளது.