இடுப்பு வலியோடு மன வலியும் இருக்கா? சேர்த்தே கவனிங்க!

'ஐம்பதைத் தாண்டினா இடுப்பு வலி வரத்தானே செய்யும்?' கல்வராயன் மலையில் விறகு சுமக்கும் அக்காவும் சரி, கள்ளக்குறிச்சியில் கடைக்குப் போய்வரும் அம்மாவும் சரி, இப்படிச் சொல்லித்தான் வலியை ஓரங்கட்டுகிறார்கள். கூடவே, 'தூக்கம் வரல, எதுலயும் மனசு ஒட்டல' என்றும் சொல்வார்கள். வலிக்குத் தைலம் தேய்க்கும் நாம், அடுத்த வார்த்தையைக் காதில் போட்டுக்கொள்வதில்லை. இரண்டுக்கும் தொடர்பு இருக்கலாம்!

மாதவிலக்கு நின்றதும் ஈஸ்ட்ரோஜன் குறைகிறது. எலும்பின் அடர்த்தியும் வேகமாகக் குறைகிறது. இதுதான் ஆஸ்டியோபோரோசிஸ். லேசாக வழுக்கி விழுந்தாலே எலும்பு முறியும். முதுகு கூன் விழும், உயரம் குறையும். 'மறுபடியும் விழுந்துடுவோமோ' என்ற பயத்தில் வீட்டுக்குள்ளேயே முடங்கும்போது மனச்சோர்வு தலைகாட்டுகிறது.

எதிர்த்திசையிலும் இது நடக்கலாம். நீண்ட நாள் மனச்சோர்வில் கார்ட்டிசோல் ஹார்மோன் அதிகமாகி எலும்பைக் கரைக்கக்கூடும். பசி குறையும், நடமாட்டம் குறையும். அதுவும் எலும்பைப் பாதிக்கும்.

அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவன ஆய்வாளர்கள் 2007-ல் வெளியிட்ட ஆய்வு, மாதவிலக்கு நிற்காத 21 முதல் 45 வயதுப் பெண்களைப் பற்றியது. மனச்சோர்வு உள்ளவர்களில் 17 சதவிகிதம் பேருக்கு இடுப்பெலும்பின் கழுத்துப் பகுதி மெலிந்திருந்தது. மனச்சோர்வு இல்லாதவர்களில் இது 2 சதவிகிதம்தான். ஆக, இது வயதானவர்கள் கவலை மட்டுமல்ல.

என்ன செய்யலாம்?

* பெரியவர்களுக்குத் தினமும் 1,000 மி.கி. கால்சியம் தேவை என்கிறது ஐ.சி.எம்.ஆர். 100 கிராம் கேழ்வரகிலேயே 300 மி.கி.க்கு மேல் கிடைக்கும். பால், தயிர், முருங்கைக்கீரை, எள்ளும் சேரட்டும்.

* தினமும் அரைமணி நேரம் வெயில் படும்படி நடங்கள். எலும்புக்கும் நல்லது, மனசுக்கும் நல்லது.

* உயரம் குறைந்தாலோ, சின்ன அடியில் எலும்பு முறிந்தாலோ, 'டெக்ஸா ஸ்கேன்' தேவையா என்று மருத்துவரிடம் கேளுங்கள். சிறுவங்கூரில் உள்ள கள்ளக்குறிச்சி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போனால், வலியோடு தூக்கமின்மையையும் சொல்லுங்கள். மலைக் கிராமத்தினர், 'மக்களைத் தேடி மருத்துவம்' பணியாளர் வீட்டுக்கு வரும்போதே சொல்லலாம்.

* மனச்சோர்வுக்கான சில மருந்துகளும் எலும்பைப் பாதிக்கக்கூடும். அதற்காக நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், மருத்துவரிடம் பேசுங்கள்.

* மனசு பாரமாக இருந்தால், 'டெலி மானஸ்' இலவச எண் 14416-க்கு எந்த நேரமும் அழைக்கலாம். தமிழிலேயே பேசலாம்.

இன்று இரவு அம்மாவிடம், 'இடுப்பு வலி எப்படிம்மா இருக்கு?' என்று கேட்டுவிட்டு எழுந்துவிடாதீர்கள். 'மனசு எப்படி இருக்கு?' என்றும் கேளுங்கள். பதிலைக் கேட்க ஐந்து நிமிடம் உட்காருங்கள்!