உருளைக்கிழங்கு நிலத்தில் ஒளிந்திருக்கும் பகை

நீலகிரி என்றதும் தேயிலையோடு உருளைக்கிழங்கும் நம் நினைவுக்கு வரும். அம்மலைச் சரிவுகளில், செழித்த பயிருக்கு நடுவே சில இடங்களில் மட்டும் செடிகள் திட்டுத் திட்டாக வெளிறிக் குன்றி, வெயிலில் வாடி நிற்பதைக் காணலாம். எருக் குறைவால் வந்த கேடென்று கருதி மேலும் உரமிடுவோர் உண்டு. அச்செடியை மெல்லப் பெயர்த்து வேரை உற்று நோக்கினால், குண்டூசித் தலையினும் சிறிய வெண்ணிற அல்லது பொன்னிற மணிகள் ஒட்டியிருக்கும். முட்டைக்கூடு நூற்புழுவின் அடையாளம் அதுவே. நூல்போல் மெலிந்த உருவம் பற்றி வந்த பெயர் இது. நெசவாளர் அன்பர்கள் தம் நூலுக்கு இழுக்கென்று கருத வேண்டா!

1961-ஆம் ஆண்டில் ஜோன்ஸ் என்னும் ஆங்கிலேய அறிஞர் உதகமண்டலத்தில் இப்புழுவைக் கண்டறிந்தார். இதன் காரணமாக 1971-இல் நீலகிரி விதைக்கிழங்கு வெளிமாநிலம் செல்லத் தடை வந்தது. 2018-இல் இமாசலப் பிரதேசம், உத்தராகண்டம், காஷ்மீர் ஆகிய பகுதிகளின் விதைக்கிழங்குக்கும் கட்டுப்பாடு விதிக்கப்பட்டது. கண்ணுக்கெளிதில் புலப்படாத ஒரு புழு மலைநாட்டு உழவரின் விதை வாணிகத்தையே முடக்கிவிட்டது.

இப்பகையை ஒழிப்பது ஏன் அரிது? பெண் புழு வேரில் ஒட்டி, வயிறு நிறைய முட்டைகளைத் தாங்கி மடிகிறது. அதன் உடலே கெட்டியான கூடாகி, உள்ளிருக்கும் சில நூறு முட்டைகளைப் பல ஆண்டுகள் காக்கிறது. உருளைக்கிழங்கு வேரினின்று கசியும் நீர் பட்டவுடன் முட்டைகள் விழித்தெழுகின்றன. நஞ்சு எளிதில் ஊடுருவ முடியாத கோட்டை அது. ஆயினும் இப்புழுவுக்கு ஒரு குறையுண்டு: உருளையும் அதன் இனமான தக்காளி, கத்தரி முதலியனவும் அன்றி வேறு உணவு அதற்கில்லை.

ஆகவே பயிர்ச் சுழற்சியே தலையாய வழி. உருளை பயிரிட்ட நிலத்தில் மூன்று நான்கு ஆண்டுகள் காரட், முட்டைக்கோஸ், முள்ளங்கி, பீன்ஸ், பூண்டு எனப் பிற பயிர்களை மாற்றி மாற்றி இட்டால், முட்டைகள் ஆண்டுதோறும் ஓரளவு பொரித்து, உணவின்றி மடியும். அக்காலத்தில் தானாக முளைக்கும் உருளைச் செடிகளைத் தவறாது களைய வேண்டும். ஒன்றிரண்டு நின்றாலும் புழுவுக்கு விருந்தாகிவிடும்.

எதிர்ப்புத் திறன் வாய்ந்த இரகங்களும் துணை புரியும். நீலகிரிக்கென 1985-இல் வெளியான குப்ரி சுவர்ணா அத்தகையது. எனினும் ஒரே இரகத்தை ஓயாது பயிரிடுதல் நன்றன்று. இங்கிலாந்தில் மாரிஸ் பைப்பர் என்னும் இரகம் பொன்னிறக் கூட்டுப் புழுவைத் தடுத்தது. ஆனால் வெண்ணிறக் கூட்டுப் புழு அவ்விடத்தைப் பிடித்துக்கொண்டது. நீலகிரியில் இவ்விரு வகையும் உண்டு என்பதை நாம் மறத்தலாகாது. வேப்பம் பிண்ணாக்கும் தொழு உரமும் இடுதல், கடுகை ஊடுபயிராக்குதல், சூடோமோனாஸ் என்னும் நன்மை செய்யும் நுண்ணுயிரைச் சேர்த்தல் ஆகியன புழுவின் பெருக்கத்தைக் குறைக்கும். ஆனால் இவை சுழற்சிக்குத் துணையே, மாற்றல்ல.

மூன்றாண்டு உருளையை விட்டுவிடுவது சிறு உழவனுக்கு எளிதோ? எளிதன்று. மேலும் அவன் ஒருவன் மட்டும் நோன்பிருந்து பயனில்லை. விதைக்கிழங்கில் ஒட்டிய மண், பழைய சாக்கு, மண்வெட்டி, மேல்தட்டினின்று வழியும் மழைநீர் ஆகியவற்றால் புழு அண்டை நிலத்திலிருந்து வந்து சேரும். ஆதலின் ஒரு சரிவில் உள்ளோர் அனைவரும் கூடி, எவ்வாண்டில் எவர் எப்பயிர் இடுவதென முடிவு செய்தல் வேண்டும். மாற்றுப் பயிருக்குக் கடனும், காய்கறிக்குச் சந்தையும், நம்பத்தக்க விதையும் கிடைக்கச் செய்வது கூட்டுறவுச் சங்கத்தின் கடமை. புழுவுக்கு வேலி தெரியாது. அதனைத் தடுக்கும் நம் முயற்சியும் வேலியோடு நின்றுவிடலாகாது.