பிடிவாதக்கார நீர்ப் பம்ப்

மோட்டார் எஞ்சினில் எரியும் பெட்ரோலின் வெப்பம் முழுவதும் வண்டியை ஓட்டப் பயன்படுவதில்லை. ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு எஞ்சினைச் சுற்றியோடும் தண்ணீரில் இறங்கிவிடுகிறது. அந்தத் தண்ணீரை ரேடியேட்டருக்கும் எஞ்சினுக்கும் இடையே ஓயாது சுற்றவிடும் சிறு கருவிதான் வாட்டர் பம்ப். இதனை ‘நீர் இறைப்பி’ என்று எழுதினால் நம் மன்றத்துக் கலைச்சொல் அன்பர்கள் மகிழ்வார்கள். பட்டறையில் அப்படிக் கேட்டால் ஒருவரும் எடுத்துத் தரமாட்டார்கள். ஆகவே பம்ப் என்றே எழுதுகிறேன்.

நான் சொல்லப்போவது அம்பாசிடர் காரின் பம்பைப் பற்றி. கொல்கத்தாவில் படிக்கும் நமக்கு அந்த வண்டி அண்டை வீட்டுக்காரர் போல. ஹூக்ளி ஆற்றங்கரையிலுள்ள உத்தரபாராவில் பிறந்தது; 2014ஆம் ஆண்டு மே மாதத்தோடு அங்கே உற்பத்தி நின்றது. பழைய அம்பாசிடரில் உள்ள 1,489 கன சென்டிமீட்டர் எஞ்சின், இங்கிலாந்தின் பி.எம்.சி. கம்பெனி வகுத்த ‘பி’ வரிசையைச் சேர்ந்தது. அதன் முகப்பில், விசிறிக்குப் பின்னால், நான்கு போல்ட்டுகளால் பம்ப் இறுக்கப்பட்டிருக்கிறது. நான்கே போல்ட்! ஒரு பிற்பகல் வேலைதானே என்று தோன்றும்.

சென்ற பௌஷ மாதத்தில், விடுதிக்குப் பின்புறமுள்ள பட்டறைக்கு 1972ஆம் ஆண்டு வண்டி ஒன்று வந்தது. பம்பின் அடியிலுள்ள கசிவுத் துளையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. உள்ளிருக்கும் சீல் தேய்ந்துவிட்டது என்பதற்கு அதுவே அடையாளம். வண்டிக்காரர் கல்யாணங்களுக்கு வாடகைக்கு ஓட்டிப் பிழைப்பவர். நமக்கு மார்கழி எப்படியோ, வங்காளிகளுக்குப் பௌஷம் அப்படி, முகூர்த்தம் கிடையாது. மாக மாதம் பிறந்தால் வண்டிக்கு ஓய்வு கிடையாது. பத்து நாள் தவணையில் வேலை முடிய வேண்டும்.

தண்ணீரை வடித்து, ரேடியேட்டரையும் விசிறியையும் கழற்றி, டைனமோவைத் தளர்த்தும் வரை தொல்லை இல்லை. (அந்த டைனமோ நம் சென்னைப் பாடியில் செய்த லூகாஸ்-டிவிஎஸ் டைனமோ என்று கண்டபோது எனக்கு ஏற்பட்ட பெருமையைப் பட்டறையில் யாரும் பொருட்படுத்தவில்லை.) மூன்று போல்ட்டுகளும் வந்துவிட்டன. தண்ணீர் சொட்டிய பக்கத்துக் கீழ்ப் போல்ட் மட்டும் அசையவில்லை.

ஏன் அசையவில்லை? இரும்பு துருவானால் அதன் பருமன் இரண்டு மடங்குக்கு மேல் பெருகுகிறது. போல்ட் பம்பின் உடலைத் துளைத்துக்கொண்டு போய் எஞ்சின் பிளாக்கில் மரையேறியிருக்கிறது. அந்த இடுக்கில் பெருகிய துருவுக்குப் போக வேறு இடமில்லை. போல்ட்டை நான்கு புறமும் நெருக்கிப் பிடிக்கிறது. பம்பின் உடல் அலுமினியமாக இருந்தால் இன்னும் மோசம். நீர் பட்ட இடத்தில் இரும்பும் அலுமினியமும் சேர்ந்து ஒரு சிறு மின்கலமாகி, அலுமினியம் வெண்பொடியாக அரிக்கப்பட்டு, அதுவும் இடுக்கை அடைத்துக்கொள்ளும். ஆக நாம் போராடுவது மரையோடு அல்ல, அதில் நிறைந்த துருவோடு.

வண்டிக்காரர் ஒரு நீளக் குழாயைக் கொண்டுவந்து, ஸ்பானரில் மாட்டி அழுத்தலாம் என்றார். மிஸ்திரி தாதா குழாயை வாங்கி மூலையில் வைத்துவிட்டார். பென்சில் பருமன் போல்ட் அது. நீளக் குழாயின் பலத்தில் தலை முறிந்து கையோடு வந்துவிடும். பிறகு மிச்சத்தைத் துளையிட்டு எடுக்க வேண்டும். கெட்டியான போல்ட்டை விட்டு மெதுவான வார்ப்பிரும்புப் பக்கம் துளைக்கருவி சரியுமானால் மரை போயிற்று. சிலவேளை பிளாக்கே போயிற்று. மாற்று பிளாக்குக்கு மல்லிக் பஜாரில் பழஞ்சாமான் குவியலைத்தான் கிளற வேண்டும்.

தாதா செய்தது வேறு. முதலில் போல்ட் தலையின் மீது சுத்தியலால் நேராக, மிதமாகப் பலமுறை தட்டினார். அதிர்ச்சியில் துருவில் விரிசல் விழும். பிறகு துரு இளக்கும் எண்ணெய் விட்டு இரவெல்லாம் ஊறவிட்டார். மறுநாளும் அசையவில்லை. எண்ணெயைச் சுத்தமாகத் துடைத்து, பாட்டரி இணைப்பைக் கழற்றி, பெட்ரோல் குழாயை அடைத்து ஒதுக்கியபின் காஸ் டார்ச்சைப் பற்றவைத்தார். இந்த எச்சரிக்கைகளில் ஒன்றையும் விட்டுவிடாதீர்கள். சுடவேண்டியது போல்ட்டை அல்ல, அதைச் சுற்றியுள்ள உடலை. துளை விரிய வேண்டுமன்றோ? சிவக்கச் சுட்டால் வார்ப்பு வெடிக்கும். தண்ணீர்த் துளி பட்டால் ‘சுர்’ என்னும் அளவு போதும். அந்தச் சூட்டில் ஒரு மெழுகுவத்தியைப் போல்ட்டின் ஓரத்தில் வைத்தார். உருகிய மெழுகு இடுக்குக்குள் இறங்குவதைக் கண்ணால் பார்த்தேன்.

ஆறியபின், முதலில் இறுக்கும் பக்கமாக ஒரு நூல் திருப்பினார். ‘டிக்’ என்று ஒரு சத்தம். அடுத்துத் தளர்த்தும் பக்கம் கால் சுற்று, உடனே பாதி திரும்ப உள்ளே. இப்படி முன்னும் பின்னுமாகப் போனால் பொடிந்த துரு மரையில் சிக்காமல் ஒதுங்குகிறது. முழுவதும் வெளிவர நாற்பது நிமிஷம். ஸ்பானர் விஷயத்தில் ஒன்று: இவை அங்குல அளவுப் போல்ட்டுகள். அரை அங்குலம் என்பது 12.7 மில்லிமீட்டர், 13 மில்லிமீட்டர் ஸ்பானரும் பொருந்துவது போலவே ஏமாற்றி, தலையின் முனைகளை வழித்துவிடும். அரை அங்குல ரிங் ஸ்பானரே தேவை.

போல்ட்டுகள் போனாலும் பம்ப் போகாது; காய்ந்த காஸ்கட் பசைபோல் பிடித்திருக்கும். இடுக்கில் ஸ்குரூடிரைவரைச் செருகி நெம்பாதீர்கள். முகத்தில் ஒரு கீறல் விழுந்தாலும் புதுப் பம்ப் அங்கே கசியும். மரச் சுத்தியலால் பக்கவாட்டில் இருபுறமும் மாறி மாறித் தட்டினால் தானே விடும்.

மாட்டும்போது முகத்தை நன்றாகச் சுரண்டி, புதுக் காஸ்கட் வைத்து, மரைகளில் பிடிப்புத் தடுக்கும் கிரீஸ் தடவுங்கள். குழாய்த் தண்ணீரை மட்டும் நிரப்புவதுதான் இத்தனை துருவுக்கும் மூலம்; துரு தடுக்கும் கூலன்ட் கலந்து ஊற்றுங்கள். எஞ்சினைச் சூடேற ஓட்டி, முழுவதும் ஆறவிட்டு, மூடியைத் திறந்து குறைந்ததை நிரப்பியபின், கசிவுத் துளையை ஒருமுறை விரலால் தடவிப் பாருங்கள். விரல் உலர்ந்திருந்தால் வண்டியை வெளியே எடுக்கலாம்.