சுற்றி வந்த சுஷி தட்டு... பிரேக் போட வைத்த வீடியோ!

பெயர் தெரியாவிட்டால் என்ன? கண்ணுக்குப் பிடித்த தட்டை எடுத்துச் சாப்பிட வேண்டியதுதான். ஜப்பானில் சுஷி தட்டுகள் பெல்ட்டில் சுற்றிவரும் கடைகளின் ஸ்பெஷலே இதுதான்.

ஒசாகா பகுதியில் சின்னதாக சுஷி கடை நடத்திய யோஷியாகி ஷிராய்ஷிக்கு, பரிமாற ஆள் கிடைக்கவில்லை. பீர் ஃபேக்டரி ஒன்றில் பாட்டில்கள் பெல்ட்டில் வரிசையாக நகர்வதைப் பார்த்தார். பாட்டில் போகும்போது தட்டு போகாதா? 1958-ல் கடையைத் திறந்துவிட்டார். பெல்ட்டின் வேகம் விநாடிக்கு 8 சென்டிமீட்டர். பதறாமல் கை நீட்டி எடுக்கலாம்!

தட்டின் நிறம்தான் விலை. காலித் தட்டுகளை எண்ணினால் பில் ரெடி. பல பெரிய சுஷி கடைகளில் விலையே எழுதி வைத்திருக்க மாட்டார்கள். இங்கே குழந்தைகளோடு வருபவர்கள் பர்ஸுக்கு ஏற்றபடி கணக்குப் போட்டுச் சாப்பிட்டார்கள். 1970 ஒசாகா எக்ஸ்போவுக்குப் பிறகு நாடு முழுக்க ஹிட்.

2023 ஜனவரியில் வந்தது வினை. சோயா சாஸ் பாட்டிலை நக்கிவிட்டு, எச்சில் விரலால் பெல்ட்டில் போகும் சுஷியைத் தொடும் ஓர் இளைஞரின் வீடியோ வைரலானது. விளையாட்டாம்! அந்தக் கடையின் தாய் நிறுவனத்தின் பங்கு விலையே சரிந்தது.

மூடி போட்ட தட்டு, கேமரா என்று சில கடைகள் சமாளிக்கின்றன. பல கடைகளில் டச் ஸ்கிரீனில் ஆர்டர் கொடுத்தால், உங்கள் தட்டு மட்டும் நேராக உங்கள் டேபிளுக்கு வரும். சுத்தம்தான். ஆனால், ஸ்கிரீனைப் பார்த்ததும் விரல் என்னவோ வழக்கமான அந்த சால்மனைத்தான் தேடுகிறது.