செலவைக் கணக்குப் பார்த்த நம்மாழ்வார்

திருக்காட்டுப்பள்ளி அருகே இளங்காட்டில் 1938-ல் பிறந்தவர் கோ. நம்மாழ்வார். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் வேளாண்மை படித்து, கோவில்பட்டி ஆராய்ச்சிப் பண்ணையில் பணியில் சேர்ந்தார். அங்கே பருத்திக்கும் சிறுதானியத்திற்கும் உர அளவுச் சோதனைகள் நடந்தன. வானம் பார்த்த பூமியில் செலவு மிகுந்த இடுபொருளால் ஏழை விவசாயிக்குப் பயனில்லை என்று கருதி, 1969-ல் வேலையை விட்டார்.

அவர் சொன்னவை எல்லாம் எனக்கு உடன்பாடல்ல. உர அட்டவணை எழுதிக் கொடுத்தவன்தான் நானும். ஆனால் செலவைப் பார்க்கச் சொன்னது நியாயம். சம்பா நடவுக்கு முன் ஏக்கருக்கு 20 கிலோ தக்கைப்பூண்டு விதைத்து, 45 நாளில் மடக்கி உழுதால், தழைச்சத்தில் ஒரு பகுதி வயலிலேயே கிடைத்துவிடும். அந்த அளவுக்கு யூரியாவைக் குறைக்கலாம்.

முதுமையிலும் அவர் தஞ்சை மண்ணை மறக்கவில்லை. மீத்தேன் திட்டத்தை எதிர்த்து டெல்டா கிராமங்களில் பேசிவந்த நாட்களில், 2013 டிசம்பர் 30 அன்று பட்டுக்கோட்டை அருகே அத்திவெட்டியில் காலமானார்.